பழைய வேனில் டர்போ எஞ்சின்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

எஞ்சினை இறக்கி வேறு எஞ்சின் ஏற்றுவது நாலு நாள் வேலை. ஏற்றியதை ஒழுங்காக ஓட வைக்கத்தான் மாதக்கணக்கு ஆகிறது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை பழைய வேன் வாங்கி, கட்டிலும் அடுப்பும் போட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அந்த மாதங்களைப் பற்றித்தான். அதனால் கோளாறு வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

எங்களுடையது தொண்ணூறுகளின் டெம்போ டிராவலர். மெர்சிடிஸின் டி1 வேன் வழி வந்த உடம்பு. உள்ளே ஓ.எம்.616 வழி வந்த 2.4 லிட்டர் டீசல், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) கிடையாது, 70 குதிரைசக்தியை ஒட்டித்தான் சக்தி. எவ்வளவு அடித்து ஓட்டினாலும் தாங்கிய எஞ்சின் அது, மரியாதையோடுதான் இறக்கி வைத்தோம். ஆனால் கட்டில், தண்ணீர் டேங்க், ரெண்டாவது பேட்டரி எல்லாம் ஏறிய பிறகு குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் ரெண்டாம் கியரை விட்டு மேலே போக முடியவில்லை. அதற்குப் பதிலாக ஏற்ற ஆள்கள் தேடுவது இனோவாவின் 2.5 லிட்டர், ஸ்கார்பியோவின் 2.2 எம்ஹாக், சஃபாரியின் 2.2 டைகோர் போன்றவற்றை. முறையே 102, 120, 140 குதிரைசக்தி. மூன்றும் காமன் ரயில், அதாவது ‘ரயில்’ என்ற ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைச் சேர்த்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை. மூன்றுக்கும் இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர் உண்டு.

மூன்று வேன்களில் இந்த வேலையைக் கூட நின்று பார்த்திருக்கிறேன். ஏற்றிய எஞ்சினுக்கு உள்ளே கோளாறு இருந்தது ஒரு தடவைகூட இல்லை. எல்லாமே பழையதும் புதியதும் சேருகிற மூட்டுகளில்தான். பழைய டேங்கின் குழாய் புது பம்பைத் தொடும் இடம், பழைய சேசிஸில் புது வயரிங் எர்த் பிடிக்கும் இடம், பழைய ரேடியேட்டரில் புது ஹோஸ் ஏறும் இடம். அதனால் இன்ஜெக்டரையோ டர்போவையோ கழற்றும் முன்னால் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு அதிகம் ஆகாது. ஒரு மல்டிமீட்டர், எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துப் போனில் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர், ரெண்டு அடி ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ், சோப்புத் தண்ணீர், ஒரு துண்டு அட்டை. இவ்வளவு போதும்.

காகித வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. எஞ்சின் மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மாற்றியபின் புது எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். எஞ்சின் வந்த வண்டியின் ஆவணங்களையும் ரசீதையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து ஆனபிறகு எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குடும்பம் படும் பாடு பெரிது.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதல் நாளில் எல்லாரும் சந்திப்பது இதைத்தான். முதலில் ஸ்கேனரைச் செருகி, செல்ஃப் அடிக்கும்போது மூன்று எண்களைப் பாருங்கள்: ஆர்.பி.எம்., ரயில் பிரஷர், பேட்டரி வோல்டேஜ்.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர் அணைந்து திரும்ப எரிகிறதா? அப்படியானால் இ.சி.யு.வுக்கு வரும் கரண்ட் அறுகிறது. இங்கே ரெண்டு காரணம் உண்டு. ஒன்று, இ.சி.யு.வின் சாவி வயரை வண்டியின் ரேடியோ லைனில் இணைத்திருப்பார்கள். பழைய வேன்களில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் அந்த லைன் அணைந்துவிடும். செல்ஃப் சுற்றும், கம்ப்யூட்டர் தூங்கும். சாவி ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் 12 வோல்ட் விடாமல் இருக்கும் வயரைத் தேடி மாற்றுங்கள்.

ரெண்டாவது, எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வேன் ஒரு வாரமாகப் பிடிக்கவில்லை. பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டார் புதுசு. ரயில் பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி விலைகூட விசாரித்துவிட்டோம். குளச்சலில் போட் எஞ்சின் வேலை பார்க்கும் என் மாமா வந்து பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டைத் தூக்கி, பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் கம்பியைக் கையால் வளைத்தார். உள்ளே இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு, அவரது பெருவிரலில் பொடியாக ஒட்டியது. "மக்கா, எஞ்சினத் தொடாத. எர்த்தப் பாரு. கடக்காத்து குடிச்ச செம்பாக்கும் இது" என்றார். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். 1.4 வோல்ட். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடம் அது. அந்த 1.4 வோல்ட் களிம்பிலேயே செத்துப்போகிறது. மிச்சத்தில் செல்ஃப் எப்படியோ சுற்றிவிடும், கம்ப்யூட்டர் சுற்றாது.

நம்ம குமரி மாவட்டத்தில் கடலிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் ஊர் என்று எதுவும் கிடையாது. ஆகவே எஞ்சின் மாற்றும்போதே பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு ஒன்று என்று ரெண்டு புது எர்த் வயர் போடுங்கள். பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டி, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இ.சி.யு.வின் எர்த்தைத் தனியாகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோவது நல்லது.

வோல்டேஜ் சரி, ஆனால் ஆர்.பி.எம். பூஜ்யம் என்று காட்டினால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர். சில எஞ்சின்களில் இந்தச் சென்சர் ஃபிளைவீலில் உள்ள பல் வளையத்தைப் படிக்கிறது. பழைய கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும் என்று பழைய ஃபிளைவீலை மாட்டினாலோ, லேத் பட்டறையில் கடைந்ததில் வளையம் போயிருந்தாலோ, எத்தனை சென்சர் மாற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் கிளட்ச் மூடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆர்.பி.எம். வருகிறது, ரயில் பிரஷர் ஏறவில்லை என்றால் டீசல் பக்கம். பெரும்பாலான இ.சி.யு.க்கள் அழுத்தம் 200 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஒட்டி ஏறாதவரை இன்ஜெக்டரைத் திறக்காது. பம்புக்குப் போகும் ஹோஸில் ஒளி ஊடுருவும் துண்டைச் சேர்த்து செல்ஃப் அடியுங்கள். குமிழி ஓடினால் ஏர் இழுக்கிறது. பழைய டேங்கின் உறிஞ்சுகுழாய் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும், அல்லது பழைய பித்தளை மூட்டில் ரப்பர் ஹோஸ் தளர்ந்திருக்கும். ஏர் உள்ளே இழுப்பதால் வெளியே டீசல் சொட்டாது, கண்ணுக்கும் தெரியாது. குமிழி இல்லை, பிரஷரும் இல்லை என்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டுப் பாருங்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது.

ஒரு எச்சரிக்கை. ரயில், உயர் அழுத்தக் குழாய், இன்ஜெக்டர் மூட்டு இவற்றில் கசிவு தேடும்போது கையை நீட்டவே கூடாது. ஓடும் எஞ்சினில் அங்கே 1000 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டிவரும். அட்டையை நீட்டுங்கள், ஈரம் பட்டால் தெரிந்துவிடும். கழற்றுவதானால் எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள்.

மூன்று எண்களும் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னும், அல்லது ஸ்கேனரில் அதற்கான கோட் (கோளாறு எண்) நிற்கும். எஞ்சின் வாங்கும்போதே அதே வண்டியின் இ.சி.யு., சாவி, சாவி படிக்கும் வளையம், முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் ஐந்தையும் சேர்த்து வாங்குவது இதற்காகத்தான். தனித்தனியாகத் தேடினால் ஒன்றோடொன்று பேசாது.

குளிரில் எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்கவைக்கும் கிளோ பிளக் வேலை செய்யவில்லையோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். நம்ம ஊரில் அது காரணமே ஆகாது. மார்கழிக் காலையிலும் இந்த எஞ்சின்கள் கிளோ இல்லாமலே பிடிக்கும்.

பிடித்து, ரெண்டு மூன்று நொடியில் நிற்கிறது

ஒவ்வொரு முறையும் அதே நொடியில் நின்றால் இம்மொபிலைசர். ஒருதரம் ரெண்டு நொடி, இன்னொருதரம் பத்து நொடி என்று மாறினால் ஏர். ரிட்டர்ன் லைனையும் பாருங்கள். காமன் ரயில் எஞ்சின் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் டீசல் பழைய எஞ்சினைவிட அதிகம். பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருந்தால் எஞ்சின் திணறும்.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

ஐடிலில் பூப்போல ஓடும். தக்கலை வரை சமதரையில் நன்றாகத்தான் இருக்கும். ஏற்றத்தில் மிதித்தால் 2500, 3000 ஆர்.பி.எம்.மோடு நின்றுவிடும். அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரத்துக்குச் சரியாகும். இது லிம்ப் மோடு. ஏதோ ஒன்று தப்பு என்று பார்த்ததும் கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சினைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது, அதனால் அதை ஏமாற்ற வழி தேடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

ஸ்கேனர் காட்டும் கோட் எண்ணைப் படியுங்கள். பி0299 என்றால் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை. பி0234 என்றால் அளவுக்கு மீறி வருகிறது. பி0101 என்றால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மீட்டரின் கணக்கு ஒத்துவரவில்லை. பி2138 என்றால் ஆக்சிலரேட்டர் பெடலின் ரெண்டு சிக்னலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

கோட் எதுவாக இருந்தாலும் ஒரு சின்னச் சோதனையை முதலில் செய்யுங்கள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் பிரஷரை ஸ்கேனரில் பாருங்கள். நாம் கடல்மட்டத்தை ஒட்டி இருப்பதால் 1000 மில்லிபாரை ஒட்டிக் காட்ட வேண்டும். 800, 1200 என்று காட்டினால் சென்சரோ அதன் வயரிங்கோ பொய் சொல்கிறது. டர்போவைத் தொட வேண்டாம். இந்த எண் சரியாக இருந்தால், ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது 2000க்கு மேலே போகிறதா என்று பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி0299க்கு நான் பார்த்த காரணங்களில் பெரும்பங்கு, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்தான். வேனின் முன்பக்கம் ஸ்கார்பியோவைப் போல் இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போக நீளமான குழாய்கள் வளைக்க வேண்டியிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் வளைத்த குழாயின் முனை வழவழப்பாக இருக்கும். கம்பெனிக் குழாயில் முனையைச் சுற்றி ஒரு வரப்பு இருக்கும், ஹோஸ் நழுவாமல் பிடிப்பது அதுதான். வரப்பு இல்லாத குழாயில் எவ்வளவு முறுக்கினாலும், காற்றழுத்தம் வந்ததும் ஹோஸ் ஒரு நூல் நகரும், வாய் திறக்கும், அழுத்தம் போனதும் திரும்ப உட்காரும். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து அரை பார், மிஞ்சிப்போனால் ஒரு பார் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் நுரை பொங்கும். எங்களுக்குப் பொங்கியது இன்டர்கூலரின் கீழ் மூட்டில், ரேடியேட்டருக்குப் பின்னால், கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிந்தது. விரல் வைத்தால் காற்று கூசியது. குழாய் முனையில் வெல்டிங்கால் சுற்றி வரப்பு ஏற்றி, சாதா கிளாம்புக்குப் பதில் டி போல்ட் கிளாம்ப் போட்டோம். அன்று மாலையே பேச்சிப்பாறை அணை வரை மூன்றாம் கியரில் ஏறியது. அந்த ஏற்றத்தில் என் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார்.

கசிவு இல்லாமலே அழுத்தம் குறைந்தாலும் மீறினாலும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) ஹோஸ்களைப் பாருங்கள். இறகு திரும்பும் வகை டர்போவில் அந்த இறகுகளைத் திருப்புவது பல எஞ்சின்களில் வேக்குவம்தான். பழைய வேனின் பிரேக் பூஸ்டர் லைனிலிருந்தே இதற்கும் ஒரு கிளை எடுத்திருப்பார்கள். பிரேக் மிதித்ததும் டர்போவுக்கு வேக்குவம் குறையும், பிரேக்குக்கும் குறையும். பிரேக் லைனுக்கு ஒருவழி வால்வு (காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவது) தனியாக இருக்கவே வேண்டும்.

பி0101 வந்தால் காற்று மீட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள குழாயைப் பாருங்கள். அந்த மீட்டர் அதன் சொந்த உறையில், நேரான குழாயில் இருந்தால்தான் சரியாக அளக்கும். உடனே ஒரு வளைவு வந்தால் காற்று சுழன்று கணக்கு கெடும். ஃபில்டர் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டிராவலரில் எஞ்சின் ரெண்டு சீட்டுக்கும் நடுவே பெட்டிக்குள் இருப்பதால், வாயை அங்கேயே விட்டால் எஞ்சின் தன் சூடான மூச்சையே திரும்ப இழுக்கும். வாயை வண்டியின் முன்முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஆனி ஆடி மழையில் ரோட்டுத் தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் வைக்காதீர்கள்.

பி2138க்கு ஒரு வரி போதும்: எஞ்சினோடு வந்த பெடலையே போடுங்கள், ஸ்கேனரில் பூஜ்யத்திலிருந்து 100 வரை முழுசாக வருகிறதா என்று பாருங்கள். தரையில் விரித்த மேட் தடுத்து 70லேயே நின்ற வண்டியும் உண்டு.

இருபது நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் இழுவை குறைகிறது

ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் திரும்பச் சரியாகிவிடும். இது டேங்கில் உள்ள துரு. பழைய டேங்கின் அடியில் பல வருஷத் துருவும் கறுப்புச் சளியும் படிந்திருக்கும். ஓட ஓட அது உறிஞ்சுகுழாயின் வலையில் போய் ஒட்டும், நிறுத்தினால் உதிர்ந்து கீழே போகும். பழைய எஞ்சின் இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஓடியது. காமன் ரயில் பம்ப் விழுங்காது. ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட டேங்கை இறக்கிக் கழுவுங்கள், முடிந்தால் புதுசே போடுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருதரம் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

புகை

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. மேலே சொன்ன ஹோஸ் சோதனைக்குத் திரும்புங்கள். பழைய ஒல்லி சைலன்சர் குழாயை அப்படியே டர்போவுக்கு மாட்டியிருந்தாலும் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் கறுப்பாகத் துப்பும்.

வெள்ளைப் புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் வந்து போனால் கவலை இல்லை. சூடேறிய பிறகும் வந்து, இனிப்பான வாடை அடித்து, கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

நீலப் புகைதான் எஞ்சின் மாற்றிய வேன்களுக்கே உரியது. ஐடிலில் ரெண்டு நிமிடம் நின்றபின் மிதித்தால் நீலமாகப் பொங்கும். டர்போ சீல் போச்சு என்று சொல்லி டர்போவை மாற்றச் சொல்வார்கள். பொறுங்கள். டர்போவின் அடியிலிருந்து சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் திரும்பும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே கீழே வரை போங்கள். அந்த ஆயில் தன் எடையில் விழுகிறது, பின்னால் தள்ள யாரும் இல்லை. வழியெல்லாம் இறக்கமாக இருக்க வேண்டும், எங்கும் பள்ளம் விழக்கூடாது, சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். வேனின் குறுக்குச்சட்டம் இடிக்கிறது என்று சம்பை வெட்டி ஒட்டும்போதோ எஞ்சினைச் சாய்க்கும்போதோ இந்தக் குழாய் மடங்கிவிடும். ஆயில் தேங்கி, சீல் நல்லதாக இருந்தாலும் அதைத் தாண்டி டர்போவுக்குள் போய்விடும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் இதே புகைதான்.

இதில் ஆபத்தும் உண்டு. டர்போ வழியாக ஆயில் அதிகமாகப் போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகம் ஏறும், சாவியை எடுத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயைத் தடியான பலகையால் முழுக்க மூட முடிந்தால் மூடுங்கள். கையாலோ துணியாலோ மூடப் போகாதீர்கள். முடியாவிட்டால் ஆள்களோடு தூரமாக விலகிவிடுங்கள்.

சூடேறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. வடசேரி, மார்த்தாண்டம் நெரிசலில் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன். சுற்றும் திசையைப் பாருங்கள், ரெண்டு வயரை மாற்றிக் கொடுத்தாலே எலக்ட்ரிக் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்னால் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நெரிசலில் சரியாக இருந்து, ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது காற்று அதன் வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறது. இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது பக்கவாட்டு இடைவெளியைத் தகடும் ஃபோமும் வைத்து அடைக்க வேண்டும். 70 குதிரைசக்திக்குப் போட்ட ரேடியேட்டர் 120க்குத் தாங்காது. தடிமன் கூடியதைக் கட்டுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், உண்மையிலேயே சூடேறுகிறதா என்று பாருங்கள். பழைய டாஷ்போர்டு முள்ளும் புது எஞ்சினின் சென்சரும் வேறு வேறு கணக்கு. முள் சிவப்பில் நிற்கும்போது ஸ்கேனரில் 88 டிகிரி என்று இருக்கலாம். அதைவிட மோசம், முள் நடுவில் நிற்கும்போது ஸ்கேனரில் 112 இருப்பது. பழைய முள்ளை நம்ப வேண்டுமானால் பழைய சென்சரையும் ஒரு அடாப்டர் வைத்து ஏற்ற வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு விஷயம் எங்களை ரொம்ப நாள் குழப்பியது. ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் போகும்போது, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும் இடத்தில் மட்டும் சூடு 8, 10 டிகிரி ஏறும். திரும்பி வரும்போது அதே ரோட்டில் ஏறாது. போகும்போது பாரம் அதிகமோ என்று எடையெல்லாம் குறைத்துப் பார்த்தோம். ரோட்டோரம் நிறுத்தி இறங்கியபோதுதான் புரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகக் கிழக்கே அடிக்கிறது, நாமும் கிழக்கே போகிறோம். முதுகில் காற்று. வண்டி 60இல் போனாலும் ரேடியேட்டருக்கு வந்து சேரும் எதிர்காற்று மிகக் குறைவு. காற்றாலைகளின் முகம் எந்தப் பக்கம் என்று நிமிர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வழி என்னவென்றால், ஃபேனை நெரிசலுக்கு மட்டும் என்று நினைக்காமல், ஓடும்போதும் சூட்டைப் பார்த்துத் தானே இயங்கும்படி இ.சி.யு. கட்டுப்பாட்டில் விடுவது. நாங்கள் சுவிட்ச் வைத்துக் கையால் ஆன் செய்துகொண்டிருந்தோம், அதுதான் தப்பு.

கூலன்ட் மாற்றிய பிறகு சூடு ஏறி இறங்கி ஆடினால் உள்ளே ஏர் நிற்கிறது. வேனில் பின்பக்க ஹீட்டர் குழாய் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். கூலன்ட் டப்பாதான் மொத்த அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரையில் இரவு நிறுத்துகிறவர்கள் திரும்பி வந்ததும் ரேடியேட்டரை நல்ல தண்ணீரால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். உப்பும் மணலும் சேர்ந்து இடுக்குகளில் கட்டியாகிவிடும்.

அதிர்வு

நின்றபடியே மிதித்தாலும் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட், ஃபிளைவீல், அடாப்டர் பிளேட். குறிப்பிட்ட கிலோமீட்டர் வேகத்தில் மட்டும், எந்த கியரானாலும் அதிர்ந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களின் டிஃபரன்ஷியலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட். கிளட்ச் விடும்போது மட்டும் என்றால் கிளட்ச் பிளேட்டும் மவுண்டும்.

ஜாயின்ட் ஷாஃப்ட் கோணத்தைப் போனிலுள்ள கோணமானியாலேயே அளக்கலாம். கியர்பாக்ஸின் பின்முகமும் டிஃபரன்ஷியலின் முன்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டோடு அவை செய்யும் கோணம் ஒரு டிகிரியிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருந்தால் கிராஸ் (ஷாஃப்ட் முனையின் வளையும் மூட்டு) நீடித்து உழைக்கும். எஞ்சினை உயர்த்தி வைத்த வேன்களில் ஐந்தாறு டிகிரி வந்து, மாதம் ஒரு கிராஸ் போகும். கட்டில், தண்ணீர் எல்லாம் ஏற்றிய நிலையில் அளந்து பாருங்கள். காலி வண்டியில் அளந்தது பொய்யாகிவிடும்.

அடாப்டர் பிளேட் எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்கும் தகடு. ரெண்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயல் கேஜை ஃபிளைவீலில் மாட்டி, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் உறை) துளையைச் சுற்றிக் காட்டினால் முள் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. போல்ட் மட்டும் பிடித்தால் போதாது, இடம் காட்டும் டவல் பின் கட்டாயம் வேண்டும். இதை விட்ட ஒரு வண்டியில் மூன்றே மாதத்தில் கியர்பாக்ஸ் பேரிங் ஊளையிட்டது.

பிரேக் கட்டையாக இருக்கிறது

காலையில் முதல் மிதியே கட்டையாக இருந்தால் ஒருவழி வால்வு கசிகிறது. ஓடும்போது ரெண்டு மூன்று மிதிக்கு அப்புறம் கட்டையானால் வேக்குவம் பம்ப் போதவில்லை அல்லது ஹோஸ் ஒடுங்கியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். சக்தியைக் கூட்டும்போது பிரேக்கையும் கூட்டியாக வேண்டும். பிரேக்குக்குக் காசு போதவில்லை என்றால் எஞ்சின் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

சாவியை எடுத்தும் ஓடுகிறது, காலையில் பேட்டரி காலி

முன்சொன்ன ஆயில் ஓட்டம் இல்லாமல், ஓரிரு நொடி தாமதித்து நின்றால் கரண்ட் பின்வழியாக வருகிறது. அணைத்தபின்னும் சுற்றும் ஃபேன் மோட்டார் தானே கரண்ட் உண்டாக்கி இ.சி.யு. ரிலேயைப் பிடித்துவைக்கும். ஃபேனுக்குத் தனி ரிலேயும் டயோடும் போடுங்கள். காலையில் பேட்டரி காலி என்றால், வீட்டுப்பக்க இன்வெர்ட்டரும் ரெண்டாவது பேட்டரியும் எஞ்சின் பேட்டரியோடு எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். எல்லாம் அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் பேட்டரி வயரில் மல்டிமீட்டரைச் சேர்த்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள்.

சார்ஜ் லைட்டின் பல்பு பழைய டாஷ்போர்டில் எரியாவிட்டால் சில ஆல்டர்னேட்டர்கள் மிதிக்கும்வரை சார்ஜே செய்யாது. புது வகை ஆல்டர்னேட்டரை இ.சி.யு.வே கட்டுப்படுத்துகிறது, அதன் வயர் விட்டுப்போகாமல் பாருங்கள்.

படுக்கையில் புகை வாடை

இது கடைசியில் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது. பழைய கியர் கம்பி, பழைய கேபிள், பழைய ஹீட்டர் குழாய் எல்லாம் போன வழிகள் தரையில் ஓட்டைகளாக நிற்கும். அதன் கீழேதான் புது சைலன்சரின் மூட்டுகள் வருகின்றன. இரவில் வண்டிக்குள் எல்லா விளக்கையும் அணைத்து உட்காருங்கள். ஒருவர் கீழே டார்ச்சை நகர்த்திக்கொண்டே வரட்டும். வெளிச்சம் எங்கெல்லாம் உள்ளே கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். எங்கள் வண்டியில் பதினோரு குறி விழுந்தது, ஒன்று என் மகள் தலைவைத்துப் படுக்கும் இடத்துக்கு நேர் கீழே. தகடு வைத்து, சீலன்ட் போட்டு, எஞ்சின் பெட்டியின் ரப்பரையும் புதுசாக மாற்றினோம். படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டினோம். இந்த வேலை முடியாதவரை ஏசிக்காகவோ சார்ஜுக்காகவோ எஞ்சினை ஓடவிட்டு யாரையும் உள்ளே தூங்க விடாதீர்கள்.